ஒரு இஞ்ச்

“சட்டைக்கை இருபத்திநாலுன்னு சீட்டுல எழுதியிருக்கேன், நீ இருபத்திமூணுல கோடு போடுறே. கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?”

துணி வெட்டும் மைத்துனனை வாடிக்கையாளர்கள் முன்னாலேயே தையற்காரர் வாங்கு வாங்கென்று வாங்கினார். 

மறுநாள் கடை திறக்குமுன் வழக்கம்போல் பைபிளில் நற்செய்தி வாசித்தார். நாம் எந்த அளவால் அளக்கிறோமோ அதே அளவால் நமக்கும் அளக்கப்படுமாம். அதையே யோசித்தபடி, கழுத்தில் தொங்கிய டேப்பைக் கையில் எடுத்தார். முனை பிய்ந்து, ஒன்றிலிருந்துதான் தொடங்கியது. அப்படியானால் அவர் அளந்ததெல்லாம் ஒரு இஞ்ச் கூடுதல்.

முகம் செத்துப்போய் மைத்துனனிடம் காட்டினார்.

“தெரியும் அத்தான். ஒரு மாசமா நான்தான் ஒரு இஞ்ச் குறைச்சு வெட்டிட்டிருக்கேன்.”

“சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?”

“சொன்னா கத்துவீங்கன்னு பயந்தேன். சொல்லாமயும் கத்திட்டீங்க.”