பருப்புக்கீரைக்கு வந்தவள்

பட்டியல் தாளில் ஜெகதீஷ் என் வரியை அடித்திருந்தான். அடித்ததோடு விட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். பக்கத்திலேயே பச்சை மையில் ‘வெந்தய வரியன்’ என்று திருத்தி வேறு வைத்திருந்தான், ஏதோ நான் மூன்றாம் வகுப்பில் கணக்கைத் தப்பாகப் போட்ட மாதிரி.

ஆவடிப் பக்கம் ஞாயிறுதோறும் பட்டாம்பூச்சிகளைக் கணக்கெடுக்கும் கூட்டம் எங்களுடையது. தலைவன் ஜெகதீஷ். சேலத்துக்காரன், ஐ.டி. வேலை, வானகரத்து ஃப்ளாட்டிலிருந்து முழங்கை நீளக் கேமராவோடு வருவான். தாளை வைத்து எழுதுகிறவள் சௌம்யா. என் பெயர் லோகநாயகி. அம்பத்தூரில் பிறந்தவள், வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் வேலை என்பதால் இருபத்திரண்டு வருஷமாக ஆவடி குவார்ட்டர்ஸில் குடித்தனம். என்னிடம் கேமரா கிடையாது.

விஷயம் இதுதான். வெந்தய வரியன் ஊரெல்லாம் பறக்கிற பூச்சி. ஆரஞ்சு இறக்கை, முனையில் கறுப்பு, அதற்குள் வெள்ளைப் பட்டை. எருக்கிலையைத் தின்று வளர்வதால் உடம்பெல்லாம் கசப்பு, பறவைகள் தொடாது. அதைப் பார்த்து அச்சு அசலாக அதே வேஷத்தைப் போட்டுக்கொண்டு பிழைக்கிறவள் இன்னொருத்தி. டனாயிட் எக்ஃப்ளை என்கிற இனத்தின் பெண். பின் இறக்கையைப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். வரியனுக்கு நடுவில் மூன்று நாலு கறுப்புப் பொட்டு, இவளுக்கு மேலோரத்தில் ஒன்றே ஒன்று. எங்கள் பட்டியலில் இவள் ஏறியதே இல்லை. போன ஞாயிறு நான் பார்த்தேன், எழுதச் சொன்னேன். அதைத்தான் இவன் அடித்திருக்கிறான். வருஷப் பட்டியலை இன்றே முடித்து அனுப்பியாக வேண்டும்.

“இன்னா தம்பி, நான் சொன்னத அடிச்சிகீற?”

“தப்பா எடுத்துக்காதீங்கக்கா. போட்டோ இல்லீங்களே. பறக்கறப்ப ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். பழகினவங்களே ஏமாந்துருவாங்க.”

“நான் ஏமாறல. அத ஊட்ல வளத்துகீறேன்.”

பொய்யில்லை. மழைக்குப் பிறகு மசியலுக்குப் பறித்து வந்த பருப்புக்கீரையில் முள்முள்ளாய் இரண்டு புழு. ஊறுகாய் பாட்டிலில் போட்டு அதே கீரையைக் கொடுத்தேன். ஒன்று பூச்சியாகிக் கறுப்பில் வெள்ளை வட்டத்தோடு வந்தது, அந்த இனத்து ஆண். மற்றது ஆரஞ்சு நிறத்தில் வந்தது, பெண். வரியன் புழுவுக்குப் பருப்புக்கீரையைப் போட்டால் பட்டினி கிடந்து சாகும்.

“கீரையோட எருக்கிலையும் கலந்து வந்திருக்கும்க்கா,” என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இருபத்திரண்டு வருஷமாகக் கீரை ஆய்கிறவளுக்கு எருக்கிலை தெரியாதாம். சேக்காட்டுக் காலி மனைவரை அவனோடு பேசவில்லை. விறுவிறுவென்று முன்னால் நடந்தேன்.

மனையில் பருப்புக்கீரை பாய் விரித்த மாதிரி படர்ந்திருந்தது. அப்போதுதான் அவள் வந்தாள். பக்கத்திலேயே எருக்கஞ்செடி நின்றது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே கீரையில் இறங்கி, இலைக்கு அடியில் வயிற்று நுனியை வளைத்து முட்டை வைத்தாள். பின் இறக்கையில் ஒற்றைப் பொட்டு.

பின்னால் செருப்புச் சத்தம். “அக்கா, கீரையில முட்டை வைக்குது. கொஞ்சம் தள்ளுங்க,” என்று ஜெகதீஷ் கேமராவைத் தூக்கினான். நான் முந்தானையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றேன்.

“மொதல்ல எழுது.”

“பறந்துரும்க்கா. எடுத்துட்டு எழுதிக்கலாம்.”

“எடுத்தா இன்னிக்குத் தேதியில உன் பேர்ல ஏறும். போன வாரம் பாத்தது நானு. போன வாரத் தேதி, என் பேரு, உன் கையால எழுது.”

“அதுக்கு ஆதாரம் இல்லீங்களே.”

“நான் சொல்றேன்ல.”

அவள் போய்விட்டால் என் கையில் ஒன்றுமில்லை. இருந்தும் நான் நகரவில்லை. அவன் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான், பல்லைக் கடித்தான், சௌம்யாவிடமிருந்து தாளை வாங்கித் தன் பச்சைத் திருத்தத்தை அடித்துவிட்டு எழுதினான்.

“லோகநாயகின்னு முழுசா எழுது.”

எழுதினான். தாளை வாங்கிக்கொண்டு நான் விலகினேன். அவன் மண்டியிட்டுக் கேமராவைக் கண்ணில் வைப்பதற்குள் அவள் எழும்பி, மதிலைத் தாண்டிப் போய்விட்டாள்.

அவன் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினான். பேனா இன்னும் திறந்தபடி கையிலேயே இருந்தது.

“இன்னிக்கும் போட்டோ இல்லக்கா,” என்றான்.

“இல்லதான். அடிக்கணும்னா அடி. நான் இல்லாதப்போ அடிச்ச. இப்ப என் மூஞ்சப் பாத்துகினு அடி.”

தாளை அவனுக்கு நேராக நீட்டிப் பிடித்தேன். அவன் என் பெயரைப் பார்த்தான். கீரையைப் பார்த்தான், அவள் அங்கே முட்டை வைத்ததை அவனும்தான் பார்த்திருந்தான். என் முகத்தை மட்டும் அவனால் பார்க்க முடியவில்லை.

பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான்.

“சௌம்யா, இதை இப்படியே அனுப்பிருங்க,” என்றான்.