பிரிந்த தோள் தையல்

...மூச்சை உள்ளே இழுக்கணுமாம், அப்புறம் மெதுவாக வெளியே விடணுமாம், இவள் என்ன மூச்சு விடாமலா நாற்பத்தாறு வயது வரை வந்தாள், இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர், அவளுக்குத் தேன் தடவிய குரல், கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வருகிறது. கண்ணை மூடச் சொன்னால் இவள் பாதிதான் மூடுவாள், மீதிக் கண்ணால் கூடத்தை நோட்டம் விடுவாள்... மடக்கிச் சாத்திய நாற்காலிகள், வாசலில் வரிசையாகச் செருப்புகள், நடுவில் வட்டமாகப் பன்னிரண்டு அசடுகள், பதின்மூன்றாவதாக இவள். தியானம் என்றதும் வாயைப் பிளக்கிற பழைய பஸ் கண்டக்டருக்கு இவள் வைத்த பெயர் கொட்டாவி. கையைத் தூக்கும்போதெல்லாம் ஈயென்று இளிக்கிற மருந்துக்கடைக்காரி பல்லழகி. ஏழு வாரமாக யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசி என்ன ஆகப்போகிறது? இன்று எட்டாவது வகுப்பு, இவளுக்குக் கடைசி. அட்டையில் இன்னும் ஒரு கையெழுத்து விழுந்தால் திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம், விழாவிட்டால் வேலை போச்சு.

எல்லாம் அந்த சூப்பர்வைசரால் வந்த வினை. சட்டைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷமாகச் செக்கிங் மேசை, குறை கண்டுபிடிப்பதுதான் இவள் பிழைப்பு, கோணல் காலரைக் காட்டினால் அவன் "பரவால்லக்கா, விடுங்க" என்கிறான், சட்டைகளைக் கட்டோடு தூக்கி அவன் மூஞ்சியில் எறிந்தது தப்பா? "மனசைச் சரி பண்ணிட்டு வாங்கம்மா" என்று இங்கே அனுப்பிவிட்டார் மேனேஜர், மனசு என்ன அறுந்த பொத்தானா, உட்கார்ந்து தைக்க? வீட்டிலும் இதே பாட்டு. "நீ சிரிச்சா வீட்டுக்கு யாரோ வந்திருக்காங்கன்னு அர்த்தம்மா" என்றாள் மகள், சோறு போட்டு வளர்த்த வாய் அது... உண்மைதானோ? சீ, என்ன உண்மை. இன்று டீச்சர் வேறு வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "இன்னிக்காவது எல்லாரோடயும் சேர்ந்து செய்ங்கக்கா. சும்மா உட்கார்ந்துட்டுப் போனா நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

அதனால்தான் எழுந்தாள், வேறொன்றுமில்லை. முன்னால் நிற்பவர் தோளில் கை வைத்து, கண்ணை மூடி, மூச்சுக்கு ஒரு அடியாக நடக்க வேண்டும். முன்னால் வாய்த்தது கொட்டாவி. ஒரு அடி... இன்னொரு அடி... இந்த வயதில் ரயில் விளையாட்டு, தலையெழுத்து. யாரோ பின்னாலிருந்து இவள் தோளில் கை வைத்தார்கள், சூடான கை, தட்டிவிடத்தான் நினைத்தாள், என்னவோ விட்டுவிட்டாள். கால் தானாக நகர்ந்தது, இவள் விரல்கள் கொட்டாவியின் தோளில் தையலைத் தடவிக்கொண்டே போயின, இருந்தது, காலர் ஓரம் ஒரு பிசிறு. பிசிறை வெட்டத்தான் வேண்டும், இழுக்கவே கூடாது என்று புதிதாக வருகிற ஒவ்வொருத்திக்கும் சொல்லிக்கொடுப்பவளே இவள்தான், ஆனால் கையில் கத்தரி இல்லை, மனசு வேறு ஏதோ லேசாக இருந்தது... இழுத்துவிட்டாள். சங்கிலித் தையல், சர்ரென்று காலரிலிருந்து கை வரைக்கும் பிரிந்து வந்தது.

கொட்டாவி கண்ணைத் திறக்காமலே சொன்னார், "ஏம்மா, டிக்கெட் கிழிக்கிறது என் வேலை. நீங்க ஏன் என்னைக் கிழிக்கிறீங்க?"

முதலில் மூக்கு வழியாகத்தான் வந்தது, அடக்கினாள், அடங்கவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள், அசிங்கமான சிரிப்பு, கண்ணீர் வேறு. பல்லழகி பக்கத்தில் சரிந்து இவள் மேலேயே சாய்ந்து சிரித்தாள், பாவி, என்ன கனம், இவள் நகரவில்லை. சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்ததுமே ஆத்திரம் வந்தது, இத்தனை வருஷம் இது எங்கே போய்த் தொலைந்திருந்தது, இந்த அசடுகள் கையிலா அகப்பட வேண்டும்?

கையெழுத்து விழுந்துவிட்டது. பஸ் நிறுத்தத்தில் நிற்கிறாள், அட்டையில் எட்டுக் கட்டமும் நிரம்பியாயிற்று, இனி அந்தத் தேன்குரலைக் கேட்க வேண்டாம், விட்டது தொல்லை. பையில் கொட்டாவியின் சட்டை இருக்கிறது. அவர் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு போனார், இவள்தான் வலிய வாங்கினாள், "அடுத்த வாரம் தைச்சுக் கொண்டுவந்து தர்றேன்" என்று இவள் வாயே சொன்னது. அடுத்த வாரமா? வரச் சொல்லி யார் கேட்டார்கள்? வீடு எங்கே என்று விசாரித்திருந்தால் கொண்டுபோய் வீசிவிட்டு வந்திருக்கலாம், கேட்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்... ஏன் கேட்கவில்லை?