செடி நோட்டில் என் வீட்டுக்காரர்

விஜயதசமி அன்று காலை பத்தேகாலுக்கு என் வீட்டுக்காரர் கோமதிநாயகத்தின் பெயர் செடி நோட்டில் ஏறியது. பத்தரைக்கு அவர் தொட்டியில் நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் குடியிருப்பில் இருபத்துநாலு வீடு. கீழ்த்தளத்தில் கார் நிறுத்த விட்ட இடத்தில், யாரிடமும் கார் இல்லாததால், தோட்டம் போட்டிருக்கிறோம். வெயில் வராது. டியூப்லைட்தான் வெயில். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகள். பெண் பார்ப்பது, பெயர் வைப்பது, துக்கம் விசாரிப்பது, சும்மா உட்கார்ந்து அடுத்த வீட்டைக் குறை சொல்வது எல்லாம் அங்கேதான். செடிகள் யாருக்கும் சொந்தமில்லை, இருபத்துநாலு வீட்டுக்கும் பொது. நல்ல ஏற்பாடு என்றுதான் நானும் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

தோட்டத்துக்கு இரண்டு நோட்டு உண்டு. ஆள் நோட்டில் வீட்டுக்கு ஓர் உறுப்பினர். செடி நோட்டில் தொட்டிக்கு ஒரு செடி. ஆயுத பூஜைக்கு இரண்டுக்கும் புதுசாகக் காக்கி அட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்துப் படைப்பார்கள். மறுநாள் ஒவ்வொன்றிலும் முதல் பெயரை எழுத வேண்டும். ஆள் நோட்டில் முதல் பெயர் இந்த வருஷம் பதினாலாம் நம்பருக்கு, அதாவது எங்களுக்கு. செயலாளர் பொன்னுத்துரை அண்ணாச்சி அட்டை போட்டவர், எது எந்த நோட்டு என்று மேலே எழுத மறந்துவிட்டார். என் வீட்டுக்காரரைச் செடி நோட்டிலும், புதிதாக வாங்கிய குரோட்டன்ஸை ஆள் நோட்டிலும் எழுதி முடித்த பிறகுதான் உள்ளே புரட்டிப் பார்த்தார். பூஜைக்குப் பின் எழுதும் முதல் எழுத்தை அடிக்கக் கூடாது.

“அடிச்சு எழுதினா வருஷம் பூரா வெளங்காது யம்மா,” என்றார் அண்ணாச்சி. “தை மாசக் கூட்டத்துல திருத்தம் கொண்டுவந்திருவோம். நாலு மாசம்தான, கண்ண மூடித் திறக்கதுக்குள்ள போயிரும்.”

அன்று சாயங்காலமே குரோட்டன்ஸ் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. உறுப்பினர் வேறெங்கே போய் இருப்பார். மறுநாளிலிருந்து என் வீட்டுக்காரருடைய ஆபீசுக்கும் போனது. நேரத்துக்கு வருகிறது என்று அங்கே அதற்கு நல்ல பெயர். வீட்டில் வாயே திறக்காது. அவரும் அப்படித்தான் இருந்தார் என்பதால் முதல் வாரம் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டாவது வாரம் தெரிந்தது. அவர் பேசாமல் இருந்தால், என்னிடம் பேசாமல் இருக்கிறார் என்று இருக்கும். இது சும்மா பேசாமல் இருந்தது.

காலையும் மாலையும் கீழே போய் அவருக்கு ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினேன். முதலில் கண்ணால் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கார்த்திகை பிறந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். சட்டைக் கை நுனியில் இரண்டு தளிர் எட்டிப் பார்த்தது.

மார்கழியில் கூட்டத்துக்கு நோட்டீஸ் ஒட்டினார்கள். மூன்றாவது பொருள், இந்த வருஷம் பூக்காத செடிகளைப் பிடுங்கி உரக்குழியில் போடுவது. ஏழாவது பொருள், நோட்டில் திருத்தம். படித்த நிமிஷமே அண்ணாச்சி வீட்டுக்கு ஓடினேன்.

“ஏழாவத முதல்ல வைங்க அண்ணாச்சி. மூணாவதுலயே அவுகளப் பிடுங்கிட்டா, ஏழாவதுல யாரைத் திருத்துவிய?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நியாயமான கேள்விதான். ஆனா நோட்டீஸ் ஒட்டியாச்சுல்லா. இனிமே மாத்தினா நாளைக்கு ஆளாளுக்குக் கிளம்பிருவாங்க.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “அதுக்குள்ள அவரப் பூக்கச் சொல்லும்மா. ஒரு பூ போதும்,” என்றார். மனுஷர் நல்லவர்தான். அதுதான் எனக்கு அவரிடம் எரிச்சல்.

என் வீட்டுக்காரருக்கு ஐம்பத்தாறு வயது. பூத்த பழக்கம் கிடையாது. கடலைப் பிண்ணாக்கு ஊறவைத்து ஊற்றினேன். அக்கம்பக்கத்தில் முட்டை ஓடு கேட்டு வாங்கிப் போட்டேன். நாங்கள் சைவம், ஆனாலும் ஒன்பதாம் நம்பர் சகாயமேரியிடம் மீன் கழுவின தண்ணீர் வாங்கி ஊற்றினேன். ஒரு இலை உதிர்ந்ததுதான் மிச்சம்.

கடைசியில் காய்க்காத மரத்துக்குச் செய்வதைச் செய்ய வேண்டியதாயிற்று. பழைய விளக்குமாற்றையும் பிய்ந்த செருப்பையும் கயிற்றில் கட்டி அவர் கழுத்தில் தொங்கவிட்டேன். இருபத்தொன்பது வருஷத்தில் நான் அவரைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. அரிவாளை ஓங்கிக்கொண்டு, “பூக்கியளா, வெட்டட்டுமா?” என்று கேட்டேன். இதற்குப் பக்கத்தில் ஒருவர் நின்று மரத்துக்காகப் பதில் சொல்ல வேண்டும். சகாயமேரிதான் நின்றாள்.

“வேண்டாம்க்கா. இந்தத் தையில பூத்துருவாரு.”

மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அவள் சொன்னாள். பிறகு இரண்டு பேரும் நாற்காலியில் உட்கார்ந்து அழுதோம். பொது நாற்காலி என்பதால் துடைத்து வைத்துவிட்டு வந்தோம்.

தைக் கடைசி ஞாயிறு காலையில் அவருடைய இடது காதுக்குப் பின்னால் ஒரு மொட்டு இருந்தது. கூட்டம் தொடங்குவதற்குள் விரிந்துவிட்டது. வெளிர் மஞ்சள், வாசனை கிடையாது. கல்யாணம் ஆனதிலிருந்து நான் கேட்டு அவர் தட்டாமல் செய்தது அது ஒன்றுதான். அவருடைய வேட்டி சட்டையை இஸ்திரி போட்டுப் பையில் எடுத்துக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

மூன்றாவது பொருளில் பதினோரு செடிகளைப் பிடுங்கினார்கள். அண்ணாச்சி என் வீட்டுக்காரர் தொட்டி முன்னால் நின்று, பூவைக் குனிந்து பார்த்து, நோட்டில் ஒரு டிக் போட்டுவிட்டு நகர்ந்தார். பையிலிருந்த வேட்டியின் மடிப்பை நான் நீவிவிட்டேன்.

ஏழாவது பொருளுக்கு எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். விதிப் புத்தகத்தை முன்னும் பின்னுமாகப் புரட்டினார்.

“பூத்த செடியத் தொட்டிய விட்டு எடுக்கக் கூடாதுன்னு இருக்கு யம்மா.”

“பூக்கச் சொன்னதே நீங்கதான அண்ணாச்சி?”

“ஆமா. பூக்காட்டி இந்நேரம் உரக்குழிக்குப் போயிருப்பாரு.”

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அந்த விளக்குமாற்றைக் கட்டின கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியிலிருந்த பையைப் பிடித்துக்கொண்டேன். கூட்டம் எட்டாவது பொருளுக்குப் போனது.

எட்டாவது பொருள் பூ விநியோகம். பொதுத் தோட்டத்துப் பூ வீட்டு வரிசைப்படிதான் போகும். அன்றைய முறை ஒன்பதாம் நம்பருக்கு. எங்கள் வீட்டுக்கு இன்னும் ஐந்து பூ கழித்து. சகாயமேரி எழுந்து என்னைக் காட்டி, “பகவதிக்காவே வச்சுக்கிடட்டும்,” என்றாள். முறையை மாற்றினால் நாளைக்கு ஆளாளுக்குக் கிளம்பிவிடுவார்கள் என்று நானே சொன்னேன். காம்போடு கிள்ளி அவளிடம் கொடுத்தார்கள். கிள்ளும்போது அவர் கண்ணைத் திறக்கவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒன்பதாம் நம்பர் வீட்டிலிருந்து அவர் குரல் கேட்டது. காப்பி கேட்டார். நாலு மாதம் கழித்துக் கேட்கிற குரல், கொஞ்சம் கம்மியிருந்தது. சர்க்கரையைக் குறைத்துப் போட்டு, பதமாக ஆற்றி, டம்ளரை மூடி எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

சகாயமேரி கதவைப் பாதிதான் திறந்தாள்.

“மெதுவாக்கா. நானே போட்டுக் குடுத்துட்டேன். இப்பதான் கண்ணசந்தாரு.”

உள்ளே மேசை மேல் ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் பூ கிடந்தது. அதிலிருந்து அவருடைய குறட்டை வாசல்வரை கேட்டது. நான் படியில் உட்கார்ந்து அந்தக் காப்பியை நானே குடித்தேன். இருட்டுவதற்கு முன்பே குறட்டை நின்றுவிட்டது. கதவிடுக்கில் பார்த்தால் பூ வாடியிருந்தது. எழுந்து மேலே போய் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன்.