ரவூஃபின் வரவேற்பறையில் இரண்டு பெட்டிகள்

அலெக்சாந்திரியாவில் பல் மருத்துவராகப் பணிபுரியும் என் தமக்கையின் கணவர் ரவூஃப், தம் கையாலேயே இரண்டு ஒலிபெருக்கிகளைச் செய்து முடித்தார். ஆளுயரம் கொண்ட அவை, விருந்தினர்க்கென்றே பூட்டி வைக்கப்படும் வரவேற்பறையில், பொன்முலாம் பூசிய நாற்காலிகளுக்கிடையே குடிபுகுந்தன. எங்கள் தந்தை ஊத் என்னும் அரபு நரம்பிசைக் கருவியை வாசிப்பவர். என் தமக்கை நக்வா ஒரு நிபந்தனையின் பேரிலேயே இதற்கு உடன்பட்டாள்.

“நம்ம பொண்ணு நிச்சயதார்த்தத்துல எங்கப்பா இதுலதான் ஊத் வாசிப்பாரு. நல்லா கேட்டா இருக்கட்டும். இல்லேன்னா மறுநாளே பால்கனிக்குப் போய்ப் புறாக்கூடு ஆயிடும்.”

எஞ்சியிருந்தது ஒரே முடிவு. தாழ்ந்த ஒலியைப் பெரிய கூம்புக்கும் உயர்ந்த ஒலியைச் சிறிய கூம்புக்கும் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர் எத்தகையதாய் இருத்தல் வேண்டும்? கணக்கிட்டுப் பிரிக்கும் டிஜிட்டல் பெட்டியை ரவூஃப் விரும்பினார். அவருடைய நண்பர் வக்தியோ, தாம் பற்றவைத்த அனலாக் பெட்டியே சிறந்ததென வாதிட்டார்.

“உன் பெட்டியில ஒரு அளவை மாத்தணும்னா சால்டரிங் அயர்னைத் தூக்கணும். எனக்கு விரலால தட்டினா போதும்,” என்றார் ரவூஃப்.

“தட்டு, தட்டு. குளிர்காலம் பூரா தட்டிக்கிட்டேதான் இருக்கே. ஒரு பாட்டாவது முழுசா கேட்டியா, டாக்டரே?”

“உன்னோடது இரையுது.”

“கூம்புக்குள்ள காதை விட்டா எதுவும்தான் இரையும்!”

ரவூஃப் அளவிடும் மைக்கைச் சோபாவின் நடுவே நிறுத்தி, பதிவு செய்த இசையை ஒலிக்கவிட்டு, திரையில் ஒலியளவைக் காட்டிய கோடு மேசைபோல் சமமாகும்வரை திருத்தினார். டிஜிட்டல் பெட்டியே வென்றது.

நிச்சயதார்த்த மாலையில் என் தந்தை மைக்கின் முன் அமர்ந்து துள்ளலான மெட்டொன்றைத் தொடங்கினார். உடனே நிறுத்தினார்.

“யாருடா அது, என் பின்னாடியே வாசிக்கிறது?”

பெட்டி கணக்கிட்டு முடிப்பதற்குச் சிறிது நேரம் பிடித்தது. பதிவு செய்த இசையில் அத்தாமதம் எவர்க்கும் புலப்படாது. உயிருள்ள ஒருவரை அமர்த்தி வாசிக்கச் செய்து பார்க்க ரவூஃபுக்குத் தோன்றவே இல்லை. என் தந்தையோ பண்பாளர். பின்தங்கியவர் வந்து சேரட்டுமென வேகத்தைக் குறைத்தார். பின்தங்கியவரும் குறைத்தார். தந்தை மேலும் குறைத்தார். இறுதியில் அம்மெட்டு ஒப்பாரியாயிற்று. மாப்பிள்ளையின் தாய் செந்நிறச் சர்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

“புறா ரெண்டு ஜோடி வாங்கிடட்டுமா?” என்று கணவரின் காதருகே வினவினாள் நக்வா.

ரவூஃப் நண்பரிடம் திரும்பினார். “வக்தி… உன் பெட்டி எங்க?”

“கார் டிக்கியில. எதுக்கு? அதுதான் இரையுமே.”

“எடுத்துட்டு வாடா, கெஞ்சிக் கேக்கறேன்.”

“சத்தமா கேளு. சம்பந்திக்கும் கேக்கட்டும்.”

ரவூஃப் சபையறியக் கெஞ்சினார். கம்பிகள் இடம் மாறின. தந்தை நரம்பைத் தொட்டார். தொட்ட கணமே ஒலி எழுந்தது. பெண்கள் குலவையிட்டனர். தம் வாசிப்பைத் தாமே இத்துணைத் தெளிவாக என்றும் கேட்டிராத அவர், மெட்டின்மேல் மெட்டாகத் தொடுத்துக்கொண்டே போனார். மாப்பிள்ளை மோதிரத்தை ஏந்தியபடியே நின்றார்.

“ஸ்பீக்கர் இங்கயே இருக்கட்டும்,” என்று தீர்ப்பளித்தாள் நக்வா. “இப்ப அப்பாவை எப்படி நிறுத்தறது?”

ரவூஃபும் வக்தியும் ஒருவரையொருவர் நோக்கினர். அன்றுதான் இருவரும் முதன்முறையாக ஒத்த கருத்தினராயினர்.

“அதுக்குப் பெட்டி கிடையாது, அண்ணி,” என்றார் வக்தி.