நாற்பது நாள் முந்திய விளக்குகள்

நகர அரங்கத்து விளக்குகள் இசைக்குக் கிட்டத்தட்ட நாற்பது நாள் முந்தி எரிகின்றன என்பது உறுதியானபோது, ஊர் அதைப் பற்றி ஒரு வாரம் பேசியது. அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டதால் பேச்சு மழைக்கு மாறியது. அதற்குள் மக்கள் பழகியும் விட்டார்கள். அடுத்த மாதக் கச்சேரி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள விரும்பியவர்கள் மதிய வேளையில் அரங்கத்துக்குள் எட்டிப் பார்த்தார்கள். யாருமில்லாத மேடைக்கு மேல் சிவப்பும் நீலமும் துள்ளிக் குதித்தால் நல்ல கச்சேரி. சோம்பலாக மங்கி மங்கி எரிந்தால், அந்தத் தேதியில் உறவினர் வீட்டுக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்தார்கள்.

இதற்கெல்லாம் காரணமானவளை ஊர் 'விளக்குப் பொண்ணு' என்று அழைத்தது. வயது முப்பத்தேழு ஆகியும் பெயர் மாறவில்லை. இசைக்கேற்ப விளக்குகளை ஆடவைக்கும் மென்பொருளை அவள்தான் எழுதினாள். மேடைக்கு மேலே தொங்கும் மைக் கேட்பதை அது அடித்தொனி, நடுத்தொனி, உச்சத்தொனி என்று பிரித்து, எந்த விளக்கு எந்த நிறத்தில் எவ்வளவு எரிய வேண்டும் என்று அந்த நொடியே முடிவு செய்யும். நிறத்தை மட்டும் அவள் விதியாக எழுதவில்லை. ஒவ்வொரு குரலின் இழையைப் பார்த்து மென்பொருளே ஒரு நிறத்தைத் தேர்ந்துகொள்ளும்படி விட்டிருந்தாள். டிரம்ஸ்காரருக்குக் கருநீலம் வாய்த்தது. அக்கார்டியன்காரருக்குத் துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன சட்டையின் இளஞ்சிவப்பு வாய்த்தது, அதற்காக அவர் அவளைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. அவளுடைய அக்காவின் குரலுக்கோ, தேன் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்தால் வரும் நிறம். வேறு எந்தக் குரலுக்கும் அந்த நிறம் வந்ததே இல்லை. அப்போது அக்காதான் அந்த அரங்கத்து இசைக்குழுவின் முதல் பாடகி. தங்கை மென்பொருளைச் சோதித்ததெல்லாம் அக்கா பாடிக் கொடுத்த ஒரே ஒரு ஒலிப்பதிவை வைத்துத்தான்.

ஆரம்பத்தில் விளக்குகள் இசைக்குப் பின்தங்கின. கேட்டு, பிரித்து, யோசித்து, விளக்குக்குச் சொல்லி அனுப்புவதற்குள் இமை தட்டும் நேரத்தில் பாதி ஓடிப்போய்விடும். "நான் அடிச்சு முடிச்சு, வியர்வையத் தொடச்சதுக்கப்புறம் உன் விளக்கு எரியுதும்மா" என்று டிரம்ஸ்காரர் குத்திக்காட்டினார். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒவ்வொரு கச்சேரி முடிந்ததும் எவ்வளவு பிசகியது என்று மென்பொருளே அளந்து, அடுத்த கச்சேரிக்குத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும்படி நாலு வரி சேர்த்தாள். சேர்த்த அவசரத்தில் கூட்டல் குறி இருக்க வேண்டிய இடத்தில் கழித்தல் குறியைப் போட்டுவிட்டாள். தொடக்கத்துக்கு அவளே கையால் முன்னுக்கு நகர்த்தி வைத்ததில் விளக்கு மயிரிழை அளவு முந்திக்கொண்டது. முந்தியதைப் பின்னுக்கு இழுக்க வேண்டிய மென்பொருள், குறி மாறியிருந்ததால் இன்னும் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளியது. அடுத்த கச்சேரிக்கு இன்னும் கொஞ்சம். முதல் மாதம் பாடகர்கள் வாய் திறக்கும் கணத்தில் விளக்கு பளிச்சென்று எரிந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டாம் மாதம் அவர்கள் மூச்சை இழுக்கும்போதே எரிந்தது. ஆறாம் மாதம் அவர்கள் ஒப்பனை அறையில் சீப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது எரிந்தது. ஒரு வருடத்தில் நாள் கணக்காயிற்று. ஒரே ஒரு குறியை மாற்றினால் போதும் என்று அவள் உட்கார்ந்தபோது மேலாளர்தான் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். கச்சேரிக்கு வருகிற கூட்டத்தைவிட விளக்குப் பார்க்க வருகிற கூட்டம் அதிகமாகியிருந்தது. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். உள்ளூர அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அக்கா அதையெல்லாம் பார்க்க வரவில்லை. அவள் தொண்டையில் வந்த ஒரு சிறு கட்டியை அறுத்து எடுத்திருந்தார்கள். இரண்டு மாதம் பேசக் கூடாது என்றார் மருத்துவர். இரண்டு மாதம் கழித்துத் தொண்டைக்குள் பார்த்துவிட்டு, நன்றாக ஆறிவிட்டது, இனி பேசலாம், மெல்ல மெல்லப் பாடவும் செய்யலாம் என்றார். அக்கா தலையாட்டினாள், பேசவில்லை. மருத்துவர் சொன்னது தங்கையைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அக்கா அச்சகம் ஒன்றில் பிழை திருத்தும் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே வாயைத் திறக்க வேண்டியதில்லை, நாள் முழுக்க அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிக்கலாம். இரண்டுமே அவளுக்குப் பிடித்தவை. வீட்டில் சீட்டு எழுதினாள், சீட்டு போதாதபோது காற்றாகக் கிசுகிசுத்தாள். இப்படியே நாலு வருடம் போயிற்று. குரல் போனதால் அவள் பேசாமல் இருக்கவில்லை. திரும்பி வரும் குரல் எப்படி இருக்குமோ என்று பயந்துதான் பேசாமல் இருந்தாள். இது தங்கைக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? தூங்குகிறவரை எழுப்பலாம், தூங்குவதுபோலப் பாசாங்கு செய்கிறவரை எழுப்ப முடியாது.

ஒரு வியாழக்கிழமை மதியம் இரண்டு மணி சுமாருக்கு, துப்புரவுப் பணியாள் நாற்காலி வரிசைகளுக்கு நடுவே பெருக்கிக்கொண்டிருந்தாள், விளக்குப் பொண்ணு ஏழாவது வரிசையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மேலே விளக்குகள் எரிந்தன, தேன் நிறத்தில். முதலில் நடுங்கி நடுங்கி, பிறகு திடீரென்று உச்சத்துக்கு ஏறி, படபடவென்று அடித்துக்கொண்டு, பதினோரு நிமிடம் எரிந்தன. இடையில் மூன்று தடவை அணைந்தன. மூன்றாவது தடவைக்குப் பிறகு, கடைசி ஒன்றரை நிமிடம், ஒரே சீராக, அசையாமல் எரிந்து அடங்கின. அவள் கையிலிருந்த கவளம் அப்படியே காய்ந்துவிட்டது. கணினியில் போய்ப் பார்த்தாள். விளக்குகள் அன்றைக்கு நாற்பது நாளும் இரண்டு மணி நேரமும் முந்தியிருந்தன. நாற்பது நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்கு, அக்காவின் குரல் அந்த மேடையில் ஒலிக்கப்போகிறது. அவள் அழுதாள். துப்புரவுப் பணியாள் குழம்பில் காரம் அதிகமோ என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. பாட்டு வரப்போவதால் விளக்கு எரிந்ததா, விளக்கு எரிந்துவிட்டதால் பாட்டு வந்தே ஆகவேண்டுமா என்பது அவளே எழுதிய மென்பொருளில் அவளுக்கே விளங்கவில்லை. அந்தக் கழித்தல் குறியைத் தொட்டால் அக்காவின் பதினோரு நிமிடம் இல்லாமல் போய்விடுமோ என்று பயந்தாள். சோதனைபோல, பதினைந்தாம் நாள் வெளியூரிலிருந்து பெரிய இசைக்குழு ஒன்று வருவதாகச் சொன்னது. தங்கள் பாட்டுக்குத் தங்கள் பாட்டின்போதே விளக்கு எரிய வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. ஒரு குறியை மாற்றினால் போதும் என்று நீதானே சொன்னாய் என்று மேலாளர் கேட்டார். இப்போது அது வேரோடிப்போய்விட்டது சார், தொட்டால் மொத்தமும் சரிந்துவிடும் என்று அவள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். கச்சேரியன்று மென்பொருள் விளக்குகளைத் துணிபோட்டு மூடிவிட்டு, பழைய விளக்குகள் நாலை இறக்கி, இரண்டரை மணி நேரம் தன் பத்து விரலாலேயே ஏற்றி இறக்கி ஒப்பேற்றினாள். மேலாளர் நம்பவில்லை. மாதம் முடிவதற்குள் குறி மாறவில்லையென்றால் ஆளை மாற்ற வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். அவள் நாளை எண்ணிப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை மாதம் முடிவதற்கு முன்னால்தான் வருகிறது. வேலை போனாலும் போகட்டும், அந்தச் செவ்வாய் வந்தால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

அக்காவிடம் அவள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அந்த வியாழக்கிழமை, கிழிந்த டிரம்முக்குத் தோல் மாற்ற வந்த டிரம்ஸ்காரரும் திரைக்குப் பின்னாலிருந்து தேன் நிறத்தையும், பிறகு கணினியில் வந்த தேதியையும் பார்த்திருந்தார். இருபத்தொன்பது நாள் அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை, அவர் வாழ்க்கையில் அது ஒரு சாதனை. முப்பதாம் நாள் பேருந்து நிறுத்தத்தில் அக்காவைப் பார்த்ததும் வாழ்த்துச் சொல்லிவிட்டார். தேதியையும் நேரத்தையும் சேர்த்தே சொன்னார். அக்கா வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் தங்கையின் முன்னால் நின்றாள்.

"என் தொண்டைக்கு நீ நாள் குறிக்கிறியா?" என்று காற்றாகக் கேட்டாள்.

நான் குறிக்கவில்லை அக்கா, விளக்கு குறித்தது என்று தங்கை சொன்னது எடுபடவில்லை. அன்றைக்கு அந்த அரங்கத்துப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டேன் என்று அக்கா ஒரு சீட்டில் எழுதி, அதைச் சாப்பாட்டு மேசையில் பசைபோட்டு ஒட்டினாள். அதன்பிறகு பத்து நாள் சீட்டும் இல்லை, கிசுகிசுப்பும் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நடந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை வந்தது. அக்கா அச்சகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அறைக்குள் தாழ்போட்டுக்கொண்டாள். தங்கை கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றாள், தட்டவில்லை. அரங்கத்துக்குப் போனாள். மூன்று மணி ஆயிற்று, மூன்றரை ஆயிற்று. மைக் காலி மேடையைக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பதினோரு நிமிடமும் பொய்யாகிவிட்டால் இனி ஒருபோதும் வராது என்று ஏனோ அவளுக்குத் தோன்றியது. பயம் மனிதரை என்னவும் செய்யவைக்கும். நாலு மணிக்கு அவள் பையிலிருந்து ஒரு சின்ன ஒலிபெருக்கியை எடுத்தாள். அக்கா என்றைக்கோ பாடிக் கொடுத்த அந்தச் சோதனைப் பதிவு அதற்குள் இருந்தது. மைக்குக்கு நேர் கீழே ஒரு நாற்காலியைப் போட்டு, ஏறி நின்று, ஒலிபெருக்கியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நாலு பத்துக்காகக் காத்திருந்தாள். தான் செய்த மென்பொருளை ஊரே நம்பியது, அவளால்தான் நம்ப முடியவில்லை.

இதைத்தான் செய்வாள் என்று வீட்டில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கும் மூன்றே முக்கால் மணிக்கு உறைத்திருந்தது. கூடப் பிறந்தவளைப் பற்றித் தெரியாதா என்ன. தாழைத் திறந்துகொண்டு தெருவில் ஓட்டமும் நடையுமாக வந்தாள். அவள் மேடை ஏறியபோது மணி நாலு பத்து. தங்கையின் கையிலிருந்த ஒலிபெருக்கியைப் பிடுங்கினாள்.

"திருடி" என்றாள். அது காற்றாகத்தான் வந்தது. "என் பழைய குரல எடுத்து வச்சுக்கிட்டு" என்பது பாதி காற்றாகவும் பாதி கரகரப்பாகவும் வந்தது. "இதுதான் எங்கக்கான்னு ஊருக்குக் காட்டப்போறியா? நான் இங்க உயிரோடதானேடி நிக்கிறேன்?" என்று வந்தபோது அது குரலேதான். தடித்து, அடியில் மணல் உரசுவதுபோல் இருந்தாலும் அரங்கத்தின் கடைசி வரிசைவரை போகும் குரல். அக்காவுக்கு அது தெரியவில்லை. நாலு வருடம் சீட்டில் எழுத இடம் போதாமல் விட்டதெல்லாம் வந்தது. மருத்துவமனையில் அவள் கண்விழித்தபோது தங்கை செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தது வந்தது. பார்க்க வருகிறவர்கள் முன்னால் பாவம் பாவம் என்று முகத்தை வைத்துக்கொண்டது வந்தது. மேசையில் ஒட்டிய சீட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே தட்டை வைத்துச் சாப்பிட்டதும் வந்தது. நடுவில் ஒருமுறை இருமினாள். இன்னொருமுறை தங்கையின் பாட்டிலை வாங்கித் தண்ணீர் குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். தங்கை நாற்காலியின் மேல் நின்றபடியே, கன்னத்தில் கண்ணீர் ஓட, ஒவ்வொரு திட்டுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். கோபத்துக்கும் பாட்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு மென்பொருளைத்தான் எழுதியிருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

பிறகு அக்காவுக்குத் தன் குரல் காதில் விழுந்தது. சட்டென்று நின்றாள். கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டாள். மேலாளர், மாதம் முடியும்வரை பொறுக்காமல் ஆளை மாற்றும் காகிதத்தோடு வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். மேலே விளக்குகள் எதுவும் எரியவில்லை, அவை தங்கள் வேலையை நாற்பது நாள் முன்பே முடித்துவிட்டிருந்தன. அக்கா மைக்கைப் பார்த்தாள், பிறகு தங்கையைப் பார்த்தாள்.

"இன்னும் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டாள், குரலோடு.

"ஒன்றரை நிமிஷம்."

"அதை ஏன் வீணாக்கணும்" என்றாள் அக்கா. கண்ணை மூடி, இழுக்க முடிந்த மட்டும் மூச்சை இழுத்து, தன்னிடம் இருந்த ஒரே ஒரு சுரத்தைப் பிடித்தாள். பழைய உயரம் இல்லை, பழைய மினுக்கும் இல்லை. ஆனால் உடையவில்லை. ஒன்றரை நிமிடம் ஒரே சீராக நின்றது. நடுவில் மூச்சு எடுத்தாளா என்று கேட்டால், எடுத்தது தெரியவில்லை என்றே மேலாளர் இன்றும் சொல்கிறார். அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் திரும்பிப் போனார். அந்தக் குறியைப் பற்றி அதன்பிறகு அவர் கேட்கவே இல்லை.

சகோதரிகள் நாற்காலியை இடத்தில் வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது மேலே விளக்குகள் எரிந்தன. தேன் நிறம், நடுவே கருநீலமும் வெளுத்த இளஞ்சிவப்பும். முழு இசைக்குழுவின் நிறமும் அதில் இருந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது, அணைகிற வழியைக் காணோம். அக்கா அண்ணாந்து பார்த்தாள்.

"இது என்னைக்கு?"

தங்கை கணினியைப் பார்த்தாள். இந்த நாற்பது நாளில் விளக்குகள் மேலும் பதின்மூன்று நாள் முந்திப்போயிருந்தன. "இன்னும் ஐம்பத்து மூணு நாள் இருக்குக்கா."

"ரெண்டு கட்டை இறக்கித்தான் பாடுவேன்னு குழுவுல இப்பவே சொல்லிடு" என்று சொல்லிவிட்டு அக்கா படியிறங்கினாள்.