கூடுதல் பட்டை

“பெரியம்மா, காலி வண்டி மட்டும் ஏன் இப்படிக் குதிக்குது?”

வண்டிப் பட்டறை வைத்திருந்த பட்டைக்காரரின் மகள் இதைக் கேட்டபோது ஒரு பழைய பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில் படுத்திருந்தாள். காய்ச்சல் முற்றி உட்காரக்கூட முடியாத பிள்ளை. ஆஸ்பத்திரிக்குப் போக வேறு வண்டி அகப்படாமல் அவர் தவித்தபோது, செங்கல் ஏற்றும் தன் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார் செங்கல்காரர். அவர் மனைவி யாரும் கூப்பிடாமலே பின்னால் ஏறி, பிள்ளையின் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள்.

“பாரம் இல்லேன்னா அதுக்கு ஆட்டம் ஜாஸ்தி கண்ணு. மனுஷங்க மாதிரியேதான்” என்றாள். அந்தக் காய்ச்சலிலும் பிள்ளை சிரித்தது.

வழியெல்லாம் பள்ளம். ஒவ்வொரு அடியையும் அந்த அம்மாள் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு, பிள்ளைக்குத் தொட்டில்போல் ஆட்டம் மட்டும் கொடுத்தாள். ஆஸ்பத்திரி வாசலில் அவளால் எழுந்து நிற்க முடியவில்லை, கால் மரத்துப்போயிருந்தது. பிள்ளை வீடு திரும்பவில்லை. ஆனால் கடைசியாக வந்த வழியில் அதற்கு வலிக்கவில்லை என்பதை எதிரே உட்கார்ந்திருந்த தகப்பன் கண்ணால் கண்டிருந்தார். நன்றி சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்தும் பேச்சு எழவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன.

இப்போது அதே வண்டி அவருடைய பட்டறை வாசலில் இடுப்பொடிந்த மாடுபோல் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. வண்டிகளுக்கு அடியில் வில்லாக வளைந்து பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளை மாற்றுவதுதான் அவர் பிழைப்பு. குனிந்து பார்த்தார்.

“மெயின் பட்டை ரெண்டா போயிருச்சுண்ணே. புஷ்ஷெல்லாம் தேஞ்சு வெறும் ஓட்டையா கெடக்கு. இதை எப்படி ஓட்டிட்டு வந்தீங்க?”

“எங்க ஓட்டினேன்? கும்பிட்டுக்கிட்டே வந்தேன்.”

“அண்ணி எப்படி இருக்காங்க?”

செங்கல்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க. நோவு எலும்புக்குள்ள போயிருச்சாம். இனி செய்ய ஒண்ணுமில்லையாம். கட்டில்ல யாராவது இடிச்சாலே கத்துறாடா. வீட்டுக்குப் போற சூளை ரோட்டுக் கல்லைப் பாத்துட்டு ஆம்புலன்ஸ்காரன் வரமாட்டேன்னுட்டான். நாந்தான் கொண்டுபோகணும். இருக்கறதிலேயே கெட்டியான பட்டையாப் போடு. ரெண்டு பக்கமும் கூட ஒவ்வொண்ணு சேர்த்துப் போடு.”

“கூட போட்டா வண்டி விறைச்சுக்கும்ணே. செங்கல் ஏறினா சரி. அண்ணி ஒருத்தர் பாரத்துக்கு அது அசையக்கூட அசையாது. ஒவ்வொரு கல்லும் நேரா அவங்க எலும்புல இடிக்கும்.”

“நடுவழியில உடைஞ்சா? அந்த வெயில்ல அவளை வெச்சுக்கிட்டு எங்கடா போவேன்?” குரல் உயர்ந்தது. “அவதான் என்னை விட்டுட்டுப் போறா. வண்டியும் விட்டுட்டுப் போகணுமா?”

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். முகம் கோணிக்கொண்டது.

பயத்தில் நிற்கிறவனிடம் நியாயம் பேசுவது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது. “சரிண்ணே, போட்டுடறேன்” என்றார் பட்டைக்காரர்.

புதுப் பட்டைகளை அவர் கண்முன்னாலேயே அடுக்கி, மேலும் ஒன்றை வைத்துக் காட்டினார். செங்கல்காரர் அதைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினார்.

பட்டைக்காரர் முன்சக்கரத்துக்குக் கல்லைக் கொடுத்தார். ஜாக்கியை ஏற்றினார். வழக்கம்போல் “ஆண்டவனே, மேல விழாம பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார். பட்டைகளை அச்சோடு பிணைக்கும் துரு ஏறிய யூ போல்ட்டுகள் டீசல் ஊற்றியும் அசையாமல், சம்மட்டி அடிக்குத்தான் மசிந்தன. சொன்னபடியே புதியதை மாட்டி முடித்து, வண்டியைத் தெருவில் ஒரு சுற்று விட்டார். முதல் பள்ளத்திலேயே முதுகெலும்பு வழியாகப் பல்வரைக்கும் அடி ஏறியது.

காலி வண்டி மட்டும் ஏன் இப்படிக் குதிக்குது?

வண்டியை ஓரமாக நிறுத்தினார். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தாயிற்று. யாரும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. திரும்ப வந்து, இறுக்கியதையெல்லாம் மறுபடி கழற்றினார். இரண்டு பக்கமும் கூடுதல் பட்டையை உருவிச் சாக்கில் சுற்றி இரும்புக் குவியலுக்குப் பின்னால் வைத்தார். பிறகு பக்கத்துக் கட்டடத்துக்காரரிடம் கேட்டு மணல் வாங்கி, மூட்டைகளாகக் கட்டிப் பின்னால் சமமாகப் பரப்பினார். அதன்மேல் தானே மல்லாந்து படுத்துப் பார்த்தார். முடிச்சு உறுத்திய ஒரு மூட்டையைத் திருப்பிப் போட்டார்.

மறுநாள் காலையில் மெத்தையோடு வந்த செங்கல்காரர், “என்னடா இது மணல்? வீடா கட்டப்போறேன்?” என்றார்.

“புதுப் பட்டைண்ணே. படியறதுக்குக் கொஞ்சம் பாரம் வேணும்.” பாதி பொய், பாதி உண்மை. “மெத்தையை இதுமேலயே விரிச்சுக்கோங்க. திரும்பச் செங்கல் ஏத்துறதுக்கு முன்னாடி வண்டியை ஒருதரம் கொண்டாங்க. போல்ட்டை முறுக்கணும். மறந்துடாதீங்க.”

வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த அம்மாள் அதிக நாள் இருக்கவில்லை. எடுத்த அன்று பட்டைக்காரர் கூட்டத்தின் ஓரத்தில் நின்றார்.

காரியமெல்லாம் முடிந்தபின் செங்கல்காரர் வண்டியைக் கொண்டுவந்தார். சட்டை அவருக்குப் பெரிதாகிவிட்டிருந்தது. சாவியை நீட்டிக்கொண்டே சொன்னார்: “கூட பட்டை போட்டது நல்லதாப் போச்சு பாத்தியா? நீதான் வேணாம்னு சொன்னே.”

“ஆமாண்ணே.”

“வழியெல்லாம் முனகல் இல்லைடா. செத்துக்கித்துப் போயிட்டாளான்னு பயந்து சூளைத் திருப்பத்துல எறங்கிப் பாக்கறேன், தூங்கறா. வாயைத் தொறந்துக்கிட்டு, சின்னப் புள்ள மாதிரி. ஆஸ்பத்திரியில ஒருநாள்கூட அப்படித் தூங்கலை. கடைசியா அது ஒண்ணாவது அவளுக்குச் சரியாப் பண்ணினேன்.” தோளில் தட்டினார். “உனக்குத் தொழில் தெரியலைடா, போ.”

“தெரியலைதாண்ணே.”

அந்த மனிதரிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு நிம்மதிதான். அதில் பங்கு கேட்கப் பட்டைக்காரருக்கு மனம் வரவில்லை. ஆண்டவனுக்குத் தெரிந்தால் போதும்.

“சாயங்காலம் எடுத்துக்கறேன். நாளைக்கு லோடு இருக்கு” என்று சொல்லிவிட்டுச் செங்கல்காரர் நடந்தார்.

அவர் தலை மறைந்ததும் பட்டைக்காரர் இரும்புக் குவியலுக்குப் பின்னாலிருந்து சாக்கை இழுத்தார். மணல் மூட்டைகளை இறக்கினார். அடியில் நுழைந்து, கூடுதல் பட்டைகளுக்குக் கிரீஸ் தடவி அதனதன் இடத்தில் வைத்து, யூ போல்ட்டுகளைக் கை வலிக்க முறுக்கினார். வேலை முடிந்தும் உடனே வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே படுத்திருந்தார்.

பிறகு வண்டியைத் தெருவில் ஒரு சுற்று விட்டார். பள்ளத்தில் அது தூக்கித் தூக்கிப் போட்டது. பின்னால் யாரும் இல்லை. குதிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.