ஆயிரத்தெட்டு அழுத்தல்

1

இந்தக் கதை பிறந்தது, மருமகளின் கணினியை நான் எட்டிப் பார்த்ததால். பார்க்கக் கூடாதுதான். ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன வேலை? எழுதியதை அவளிடமே படிக்கக் கொடுத்தேன்; அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் அவள் திருத்தம்.

திரையில் தெரியும் பொத்தான், பட்டியல், பெட்டி எல்லாவற்றையும் அவள் குழு ஒருமுறை செய்துவைக்கும். பத்தாயிரம் நிறுவனங்கள் அப்படியே எடுத்துப் பொருத்திக்கொள்ளும். [நாற்பத்தொன்று, மாமா. –மருமகள்] அதில் ஒன்று பழைய தேதிப் பெட்டி. எண்ணைத் தட்டினால் போதும், வேலை முடிந்தது. அந்த இடத்துக்கு இப்போது அழகான நாட்காட்டி வருகிறது. 'இந்தப் பெட்டி அடுத்த பதிப்பில் இருக்காது' என்று இரண்டு வருடமாக மஞ்சள் எச்சரிக்கை காட்டியும் யாரும் சீந்தவில்லை. அடுத்த பதிப்பு வெள்ளிக்கிழமை.

2

'வானம் பிளந்தது. மின்னல் வெட்டியது. அப்போது தொலைபேசி–'

[எச்சரிக்கை: மின்னல் தொடக்கங்கள் நீக்கப்பட்டுவிட்டன. பதிலாக நடந்ததை எழுதவும். –மருமகள்]

சரி தாயே. வியாழன், காலை பதினொரு மணி, நல்ல வெயில். ஒரு மருத்துவமனையின் பதிவு ஜன்னலில் உட்காரும் அக்கா மருமகளை அழைத்தாள். முன்னோட்டப் பதிப்பை அவளுக்குத்தான் முதலில் கொடுத்திருந்தார்கள்.

"ஏம்மா, இந்தக் காலண்டர்ல பின்னாடி போறது எப்படி?"

"இடது அம்பை அழுத்துங்கக்கா. ஒரு மாசம் பின்னாடி போகும்."

"எனக்கு முன்னாடி நிக்கிற ஐயாவுக்கு வயசு எம்பத்திநாலு. அவர் பொறந்த தேதிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அவருக்கு எம்பத்தஞ்சு ஆயிடும்!"

எண்பத்திநாலைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். ஆயிரத்தெட்டு. என் வாழ்நாளில் நான் ஊதாமலே பெருத்து வந்த ஒரே எண் இதுதான்.

3

அக்காவின் ஜன்னலில் கூட்டம் போதாது என்று எனக்குப் பட்டது. இவ்வளவு பேசுகிறவளுக்கு முன்னால் நீள வரிசை வேண்டாமா? கதையில் நானூறு பேரை நிறுத்தினேன்.

"அக்கா எத்தனை பேர்னு சொன்னாங்க, மாமா?"

"முப்பத்தாறு."

"அது பத்தாதா?"

பத்தும். டாக்டர் ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவார். ஜன்னலில் தாமதமானால் வரிசையின் பின்பாதி அவரைப் பார்க்காமலே வீடு திரும்பும்.

வில்லனாகக் குழுத் தலைவரைப் போடலாம் என்று மீசையெல்லாம் வரைந்தேன். ஆனால் அவர் மருமகளிடம் சொன்னது இதுதான்:

"பார்வையில்லாதவங்க பள்ளிக்கூடம் ஒண்ணு காத்துக்கிட்டிருக்கும்மா. அவங்களுக்குத் திரையைப் படிச்சுச் சொல்ற கருவி பழைய பெட்டியைப் படிக்கவே மாட்டேங்குது. காலண்டரைப் படிக்குது. ரெண்டையும் சேர்த்து வெச்சா ஒண்ணை ஒண்ணு உதைக்குது."

"காலண்டர்லயே தட்டுற வசதி வெச்சுட்டா, சார்?"

"மூணு வாரம் ஆகும். நாளைக்கு அனுப்புறதா, வேண்டாமா? நீயே சொல்லு."

மீசையை அழித்துவிட்டேன்.

4

முடிவு ஒன்று: மருமகள் புதிய பதிப்பை அனுப்பினாள். அக்காவின் ஆள்காட்டி விரல் தேய்ந்து சுண்டுவிரல் அளவாகி– [மாமா!]

முடிவு இரண்டு: தள்ளிவைத்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இன்னும் மூன்று வாரம், பக்கத்தில் இருப்பவரிடம் "என் பிறந்த நாளைப் போட்டுக் கொடுங்க" என்று கேட்டுக்கொண்டு–

இதில் ஊதுவதற்கு எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மருமகள் என்ன செய்தாள் என்பது எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். சொன்னால் "ஆமாமா, அதுதான் சரி" என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். அவள் அன்று என்ன பாடுபட்டாள் தெரியுமா? நீங்களும் கொஞ்சம் படுங்கள்.

அக்கா இன்னும் லைனில்தான் இருக்கிறாள். ஐயாவுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டு, "சொல்லும்மா, கேக்குது" என்கிறாள்.

இந்தாருங்கள், பிடியுங்கள் ரிசீவரை.